மதராஸ் பனிப்பந்தும் நம்ம இங்கிலீஷ் பீரியடும்

பதிவு நீளமாகப் போகும். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படிக்கவும். அவசரக்காரர்கள் ராத்திரி படுக்கும்போது படித்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். 1994ல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். இப்போது இங்கே கணபதியிலேயே நான்கு லேத்தும் ஒரு சிஎன்சி மெஷினும் போட்டு பம்ப் உதிரிபாகம் செய்கிறான். "டீச்சர், பத்தாவதுல இங்கிலீஷ்ல 78 மார்க்குங்க. ஆனா வெளிநாட்டுப் பார்ட்டி போன் பண்ணினா மச்சான் கைல குடுத்தர்றேன். மூணாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எட்டு வருசம் படிச்சனுங்களே, அதெல்லாம் எங்கீங்க போச்சு?" அதோடு, மூன்றாவது படிக்கும் மகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு, மாற்றட்டுமா என்றும் கேட்டிருந்தான்.

குழுவில் ஆளுக்கொரு பதில் போட்டார்கள். "நம்ம வாத்தியாருங்க சரியில்லை" என்று ஒருவன். போட்ட பிறகுதான் நானும் அந்தக் குழுவில் இருப்பது ஞாபகம் வந்து அழித்துவிட்டான். அழித்தாலும் பார்த்துவிட்டேன் கண்ணு, கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஏறக்குறைய இருநூறு வருடத்துக் கதை அது. அதில் முக்கியமான இரண்டு அத்தியாயங்கள் நம் மாநிலத்திலும் பக்கத்து பெங்களூரிலும் நடந்தவை. உலகம் முழுக்க இங்கிலீஷ் வாத்தியார் பயிற்சியில் அவற்றைப் படிக்கிறார்கள், நம் ஊரில்தான் அதிகம் பேருக்குத் தெரியாது.

மெக்காலே பெயர் எல்லோருக்கும் தெரியும். 1835ல் அவர் எழுதிய குறிப்பு, அதன்பேரில் பெண்டிங்க் பிரபு போட்ட உத்தரவு, இதெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் படித்தது. என்னைக் கேட்டால், நம் வகுப்பறையை அதைவிட ஆழமாக மாற்றியவை பின்னால் வந்த இரண்டு. 1844ல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசாங்க உத்தியோகத்தில் இங்கிலீஷ் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, கூடவே மெட்ரிகுலேஷன் பரீட்சையும் வந்தது. உத்தியோகத்துக்கு இங்கிலீஷ், இங்கிலீஷுக்குப் பரீட்சை, பரீட்சைக்கு எழுத்து. இந்தச் சங்கிலியில் பேச்சு என்ற கண்ணியே இல்லை. கச்சேரியில் குமாஸ்தா பேச வேண்டியதில்லை, தப்பில்லாமல் நகல் எடுத்தால் போதும்.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஹைஸ்கூல் முடித்த நம் தாத்தாமார்கள் இங்கிலீஷில் விளாசினார்களே என்று கேட்பீர்கள். என் பெரியப்பாவே அப்படித்தான், கோர்ட்டு ஆமீனாக இருந்தவர், கோபம் வந்தால் இங்கிலீஷில்தான் திட்டுவார். காரணம் இங்கிலீஷ் பாடம் அல்ல. அவர் காலத்தில் கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாமே ஹைஸ்கூலில் இங்கிலீஷில் நடந்தன. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் அந்த மொழி காதில் விழுந்துகொண்டே இருந்தது. இலக்கண வகுப்பு மோசமாக இருந்தாலும் மற்ற வகுப்புகள் ஈடுகட்டிவிட்டன.

அது மாறியது நம் ஊர்க்காரர் காலத்தில். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய அவினாசிலிங்கம் ஐயா 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரி. ஹைஸ்கூலில் தமிழ் பயிற்று மொழியானது அவர் முயற்சியில். அது சரியான காரியம். அது நடக்காமல் போயிருந்தால், என் போன்ற வீட்டில் பிறந்த பெண் பிள்ளைகள் ஹைஸ்கூல் வாசல்படியைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் ஒரு விளைவை யோசிக்க வேண்டும். முன்பு நாள் முழுக்கக் காதில் விழுந்த மொழி, இப்போது ஒரு பீரியட் மட்டும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். முன்பு தானாக வந்தது இனி தானாக வராது. அந்த ஒரு பீரியடில் என்ன செய்வது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

யோசித்தார்கள். 1952ல் சென்னை மாகாணம் இங்கிலீஷுக்குப் புதிய பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானதற்கு ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படியாக வாயால் சொல்லிப் பழக்குவது. அதுவரை இருந்த பாணி வேறு. செய்யுளையும் உரைநடையையும் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்லி, இலக்கண விதியை மனப்பாடம் செய்வது. இது அதற்கு நேர் எதிர். விதியே சொல்லக்கூடாது. புத்தகத்தைக் கையில் எடுத்து "திஸ் இஸ் எ புக்", தூரத்தில் இருப்பதைக் காட்டி "தட் இஸ் எ ட்ரீ". வாத்தியார் கதவை நோக்கி நடந்துகொண்டே "ஐ யாம் கோயிங் டு த டோர்" என்பார், நாற்பது பிள்ளைகள் "ஹி இஸ் கோயிங் டு த டோர்" என்று கத்துவோம்.

கத்தினோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நானே அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. 1965ல் நான் மூன்றாம் வகுப்பு. அப்போது இங்கிலீஷ் மூன்றாவதில்தான் ஆரம்பம். எங்கள் வாத்தியார் ஒரு தகரப் பெட்டியில் மரத்தால் செய்த பூனை, பந்து, ஒரு உடைந்த கடிகாரம் எல்லாம் வைத்திருப்பார். பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அந்தப் பெட்டி என்று பெரிய வகுப்பு அக்காமார்கள் சொல்வார்கள். அது என்ன பயிற்சி என்று எனக்குப் புரிந்தது முப்பது வருடம் கழித்து.

அதுதான் மதராஸ் பனிப்பந்து. புதிய பாடத்திட்டம் போட்டாகிவிட்டது, ஆனால் கிராமத்துப் பள்ளி வாத்தியாருக்கு அதை யார் சொல்லித்தருவது? 1959ல் சென்னை அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து ஒரு இயக்கம் ஆரம்பித்தன. இங்கிலீஷை ஆரம்ப வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது இலக்கு. இருபத்தேழாயிரம்! அந்தக் காலத்தில் ஈமெயில் கிடையாது, ஜெராக்ஸ் கிடையாது. அதனால் ஒரு உபாயம். நிபுணர்கள் முதலில் ஒரு சிறு குழுவுக்குக் கற்றுத்தருவது. அவர்கள் அவரவர் பகுதிக்குப் போய் ஒரு பெரிய குழுவுக்கு. அந்தக் குழு இன்னும் பெரிய குழுவுக்கு. மலையுச்சியிலிருந்து உருட்டிய பனிக்கட்டி கீழே வர வரப் பெருத்துக்கொண்டே போகுமாம், அந்த உவமை. நாமெல்லாம் பனிக்கட்டியை ஃபிரிட்ஜில்தான் பார்த்திருக்கிறோம், இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1962ல் இங்கிலாந்தின் இங்கிலீஷ் கற்பித்தல் சஞ்சிகை ஒன்றில் இந்த முயற்சியைப் பற்றி கட்டுரையே வந்திருக்கிறது. இன்றைக்கும் எந்த நாட்டிலாவது ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு அடுக்கடுக்காகப் பயிற்சி கொடுக்கும்போது மதராஸைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

உவமை ஒரு விதத்தில் சரி, எண்ணிக்கை பெருத்தது. உள்ளே இருந்த விஷயமோ மோரில் தண்ணீர் விட்ட கதை. முதல் சட்டியில் கெட்டி மோர். மூன்றாவது சட்டிக்கு வரும்போது நிறம் மட்டும் வெள்ளை. மேலே இருந்த நிபுணருக்குத் தெரியும், வாக்கியம் என்பது ஒரு சூழ்நிலையில் அர்த்தத்தோடு சொல்லப்பட வேண்டும் என்று. கீழே வகுப்பறைக்கு வந்து சேர்ந்தபோது சூழ்நிலை கழன்று விழுந்துவிட்டது, கத்தல் மட்டும் மிஞ்சியது. "ஹி இஸ் கோயிங் டு த டோர்" என்று நான் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன்! அவர் கதவுக்குப் போகிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்கு எதிரே தெரிவதை யாராவது யாருக்காவது சொல்வார்களா? ஊமை கூடச் சொல்ல மாட்டான்.

அந்த 1965, இந்தி எதிர்ப்புப் போராட்ட வருடமும்கூட. பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு என்று பெரியவர்கள் வாசலில் தாழ்ந்த குரலில் பேசியது ஞாபகம் இருக்கிறது. 1968 ஜனவரியில் அண்ணா சட்டசபையில் தீர்மானம் போட்டு இருமொழிக் கொள்கை வந்தது: தமிழும் இங்கிலீஷும். உயிரைக் கொடுத்து அந்த மொழியை வைத்துக்கொண்ட மாநிலம் இது. ஆனால் வைத்துக்கொண்டதை வாயில் வர வைப்பது எப்படி என்று அந்த அளவுக்கு யாரும் மல்லுக்கட்டவில்லை. இது என் வருத்தம், அரசியல் சண்டைக்கு இதை எடுத்துக்கொண்டு கமெண்டில் வர வேண்டாம், மாப்பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இனி இரண்டாவது அத்தியாயம்.

1970களில் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் என்.எஸ். பிரபு என்று ஒருவர் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர் அல்ல, இந்தியர். அவருக்கும் பெங்களூரில் இருந்த தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தாருக்கும் ஒரே உறுத்தல். இருபது வருடமாக வாக்கிய அமைப்புகளை வரிசையாகக் கற்றுக்கொடுக்கிறோம், வகுப்பில் சரியாகச் சொல்கிறார்கள், வெளியே போனால் ஏன் வரவில்லை? இன்னும் நல்ல வரிசை போட வேண்டுமா? பிரபு சொன்னது வேறு. வரிசையே வேண்டாம். இலக்கணம் மனதில் ஏறுவது இலக்கணத்தை நினைக்கும்போது அல்ல, ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் முட்டிமோதும்போதுதான்.

சொல்வதோடு நிற்கவில்லை. 1979லிருந்து 1984 வரை, சாதாரணப் பள்ளிகளில் எட்டு வகுப்புகளை எடுத்துக்கொண்டு நடத்திப் பார்த்தார்கள். பெங்களூரில் ஆரம்பித்தது, சென்னையிலும் கடலூரிலும் நடந்தது. ஏசி அறையோ பணக்காரப் பிள்ளைகளோ இல்லை. பெரிய வகுப்பு, ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ், கொஞ்சம் காகிதம், அவ்வளவுதான். பெங்களூர் திட்டம் என்று இன்றும் பெயர்.

அந்த வகுப்பு எப்படி நடக்கும்? உதாரணத்துக்கு ரயில் கால அட்டவணை ஒன்றைப் பலகையில் எழுதிவிடுவார் ஆசிரியர். இந்த ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பும், எவ்வளவு நேரம் ஓடும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர எதில் ஏற வேண்டும் என்று இங்கிலீஷில் வகுப்பு முழுவதையும் கேட்டு, எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றைச் செய்து முடிப்பார்கள். பிறகு அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். விடை சரியா தப்பா என்று திருத்தப்படும். வரைபடம், பள்ளி நேர அட்டவணை, கடைக் கணக்கு, நாட்காட்டி என்று தினம் ஒரு வேலை. பிள்ளை ஒரே வார்த்தையில் பதில் சொன்னாலும் சரி, தாய்மொழியில் சொன்னாலும் சரி. ஆசிரியர் அதை இயல்பாக இங்கிலீஷில் திருப்பிச் சொல்லிக்கொண்டு மேலே போவார். "நிறுத்து, இது தப்பு, பத்துத் தடவை எழுது" என்பது இல்லை. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியாவது சரியாகச் செய்தால் அந்த வேலை அவர்களுக்குப் பொருத்தமானது, இல்லையென்றால் அடுத்த நாள் லேசானதாகக் கொடு. இதுதான் பிரபு வைத்த அளவுகோல். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நூற்றுக்கு நூறு கேட்காத, அதே சமயம் பூஜ்யத்தையும் ஏற்காத அளவுகோல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போது 'கம்யூனிகேட்டிவ்' என்றாலே பிள்ளைகளைக் குழுகுழுவாகப் பிரித்து உட்கார வைத்துப் பேசச் சொல்வது என்று நினைக்கிறார்கள். பிரபு அதைச் செய்யவில்லை. தெரியாதவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டால் அரைகுறை மொழி இறுகிப்போகும், நல்ல மொழி ஆசிரியரிடமிருந்துதான் காதில் விழ வேண்டும் என்பது அவர் கட்சி. நமக்கு இது கொஞ்சம் நிம்மதி தருகிற செய்தி, ஐம்பது பேர் வகுப்பில் குழு பிரித்தால் என்ன சந்தை நடக்கும் என்று நமக்குத் தெரியுமே.

1987ல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார், ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு. வேலை கொடுத்து மொழி கற்பிப்பது என்ற முறை இன்று உலகமெல்லாம் பெரிய பெயர். அதன் ஆரம்பத்தைத் தேடிப் போனால் பெங்களூரும் சென்னையும் கடலூரும்தான் வரும். பிரபு பின்னால் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

சரி, வெற்றியா தோல்வியா? எடின்பரோவிலிருந்து வந்து மதிப்பீடு செய்து 1985ல் எழுதினார்கள். பழைய முறையில் படித்த பிள்ளைகள் வாக்கிய அமைப்புத் தேர்வில் மேலே இருந்தார்கள். மொழியைப் பயன்படுத்துகிற சோதனைகளில் புதிய முறைப் பிள்ளைகள் மேலே. மொத்தத்தில் திட்டத்துக்குச் சாதகம்தான், ஆனால் அழுத்திச் சொல்ல முடியாது என்றார்கள், ஏனென்றால் அந்த வகுப்புகளை நடத்தியவர்களில் பலர் சாதாரணப் பள்ளி ஆசிரியர்களைவிட அதிகம் படித்தவர்கள். பின்னால் பார்த்தபோது, வழக்கமான வகுப்பாசிரியர்கள் பலர் அந்த முறையை முழுதாகக் கைக்கொள்ள முடியாமல் திணறியதும் தெரிந்தது. இதை நான் ஆச்சரியமில்லாமல்தான் படித்தேன். பாடப்புத்தகம் இருந்தால் ராத்திரி தயாரித்துக்கொண்டு போகலாம். பிள்ளை எதைக் கேட்குமோ தெரியாத வகுப்புக்கு, வாத்தியாருக்கே இங்கிலீஷ் வாயில் வர வேண்டும். "ஹி இஸ் கோயிங் டு த டோர்" என்று கத்தி வளர்ந்தவர்கள்தானே வாத்தியார்களாக வந்தோம்?

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் பதிவு மூப்புக்குக் காத்திருந்து 1983ல் வேலைக்கு வந்தேன். அந்தச் சமயத்தில் பெங்களூரில் அந்த வகுப்புகள் நடந்துகொண்டிருந்திருக்கின்றன. எங்களுக்கு ஒரு சேதியும் வரவில்லை. வட்டார வள மையத்தில் பயிற்சி நடக்கும் காலத்தில், 2000க்குப் பிறகு, ஒரு கருத்தாளர் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டு வாங்கி, அந்தப் புத்தகத்தில் சில பக்கங்களை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுக்கப் படித்தேன்.

ஜூனில் ஏழாம் வகுப்பில் செய்து பார்த்தேன். 2004, 2005 பேட்ச்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், "கல்யாணத்துக்குப் போறது". சத்தி ரோட்டில் கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் என்று ஊர்களைப் பலகையில் எழுதி, பஸ் நேரங்களை நானாக ஒரு கணக்குக்கு எழுதிவிடுவேன். அன்னூரில் முகூர்த்தம் ஏழரைக்கு. பாட்டிக்கு நின்றுகொண்டு வர முடியாது. மாமா கோவில்பாளையத்தில் ஏறுவார். எந்த பஸ்? எல்லாம் இங்கிலீஷில்தான் கேட்பேன். முதல் வாரம் "சிக்ஸ் ஃபார்ட்டி பஸ்" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை. தீபாவளி லீவு முடிந்து வந்தபோது, கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "நோ டீச்சர், தட் பஸ் நோ சீட், கிராண்ட்மதர் கான்ட் ஸ்டாண்ட்" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். இலக்கணப்படி நாலு தப்பு இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் என்னிடம் இங்கிலீஷில் மறுத்துப் பேசினாள்! மனப்பாடம் பண்ணி யாரும் சண்டை போட முடியாது.

அந்த வருடம் பார்வைக்கு வந்த ஒரு அதிகாரி கட்டுரை நோட்டைக் கேட்டார். மற்ற வகுப்பில் பதினைந்து கட்டுரை, என் வகுப்பில் ஆறு. "போர்ஷன் எங்கம்மா?" என்றார். பேச வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்கு அவர் படிவத்தில் இடமில்லை. அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர், எல்லோர் கண்ணும் பத்தாம் வகுப்பு சதவீதத்தில்.

இங்கேதான் நம் பையன் கேள்விக்கு விடை இருக்கிறது. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பறை கொடுக்கும். சும்மா எழுத்துத் தேர்வு என்று குறை சொன்னால் போதாது, பரீட்சைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு, நல்ல விஷயத்தைக் கொடுத்தாலும் தின்று செரித்துவிடும். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் இரண்டாம் தாளில் 'ரோடு மேப்' கேள்வி வருமே, பல பேட்ச்காரர்களுக்குத் தெரியும். ஒரு வரைபடம் கொடுத்து, வழி தெரியாத ஒருவருக்கு வழி சொல்லச் சொல்வார்கள். அருமையான கேள்வி. பிரபு வகுப்பிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கும். டியூஷன் சென்டர்கள் என்ன செய்தன? "கோ ஸ்ட்ரெயிட். டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட். வாக் எ ஃப்யூ யார்ட்ஸ். யூ வில் ஃபைண்ட் இட் ஆன் யுவர் ரைட்." இந்த நாலு வரியை எழுதி மனப்பாடம் செய்ய வைத்தன. படத்தைப் பார்த்து லெஃப்டையும் ரைட்டையும் மாற்றிப் போட்டால் மார்க். அந்தக் கேள்வியில் முழு மார்க் வாங்கிய ஒரு பையன், டெக்ஸ்டூல் பஸ் ஸ்டாப்பில் நின்ற வடநாட்டுக்காரர் இங்கிலீஷில் வழி கேட்டபோது கையை மட்டும் நீட்டிக் காட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, 2007-08ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு விரிந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் உருவாக்கிய முறையிலிருந்து எடுத்தது. அட்டைகள், ஏணிப்படி, தரையோரம் தாழ்ந்த கரும்பலகை. பிள்ளைகளின் பயம் போனது, அதற்காகக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இங்கிலீஷுக்கு அது பெரிதாக உதவவில்லை என்பது என் அனுபவம். தமிழ் அட்டையில் ஏறும் பிள்ளைக்கு வீடு முழுக்கத் தமிழ். இங்கிலீஷ் அட்டையோடு உட்கார்ந்த பிள்ளை அந்த மொழியை யாரிடம் கேட்கும்? வாத்தியார் அப்போது இன்னொரு பிள்ளையின் கணக்கு அட்டையில் இருப்பார்.

பிறகு 2012-13லிருந்து அரசுப் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் பெருவாரியாக வந்தன. பெற்றோர் ஆசையை நான் தப்பு சொல்ல மாட்டேன், என் சொந்தத்திலேயே அத்தனை வீட்டிலும் அதே கதை. ஆனால் பெரியப்பா காலத்து இங்கிலீஷ் மீடியம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தால் அது வேறு. அன்று ஆசிரியர் அந்த மொழியில் பேசினார். இன்று பல இடங்களில் புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் தமிழ், பரீட்சைக்கு மட்டும் இங்கிலீஷில் மனப்பாடம். முன்பு ஒரு பாடத்தை உருப்போட்ட பிள்ளை இப்போது ஐந்து பாடத்தையும் உருப்போடுகிறது. அறிவியலும் போச்சு, இங்கிலீஷும் வரவில்லை.

ஆகவே கண்ணு, மகளை மாற்றட்டுமா என்று கேட்டாயல்லவா, போர்டில் என்ன மீடியம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காதே. ஒரு நாள் போய் வராண்டாவில் பத்து நிமிடம் நின்று கேள். பிள்ளைகள் சேர்ந்து ஒப்பிக்கிற சத்தம் மட்டும் வருகிறதா, அல்லது ஒரு பிள்ளையாவது கேள்வி கேட்கிற சத்தம் வருகிறதா? இரண்டாவது சத்தம் வந்தால் தமிழ் மீடியமாக இருந்தாலும் அங்கேயே விடு. கட்டுகிற ஃபீஸை மிச்சம் பிடித்து இன்னொரு மெஷின் வாங்கு.

உன் போன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது? டிராயிங்கைப் பார்த்து டாலரன்ஸ் எவ்வளவு, ஃபினிஷ் என்ன, எந்த கிரேடு காஸ்டிங் என்று ஒரு நொடியில் சொல்கிறாய். நம் கணபதிப் பட்டறைகளில் எட்டாவதோடு நின்ற ஆட்கள்கூட போர், டெப்த், த்ரெட், கீவே என்று நாள் முழுக்க இங்கிலீஷ் வார்த்தையில்தான் வேலை செய்கிறார்கள். யாரும் அவர்களுக்கு டெஸ்ட் வைக்கவில்லை. வேலை நடக்க வேண்டியிருந்தது, வார்த்தை ஒட்டிக்கொண்டது. உன்னிடம் வார்த்தைகள் இருக்கின்றன, அவற்றைக் கோர்க்கிற சின்னச் சின்ன வாக்கியங்கள்தான் இல்லை. அடுத்த தடவை பார்ட்டி போன் செய்தால் மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொள், போனை உன் கையிலேயே வை. முதல் ஐந்து நிமிடம் டிராயிங்கைப் பற்றி மட்டும் பேசு. அந்தப் பக்கம் இருப்பவனுக்கு உன் இலக்கணம் முக்கியமில்லை, பீஸ் எந்தத் தேதிக்கு வரும் என்பதுதான் முக்கியம். திக்கினால் திக்கட்டும்.

2019ல் பத்தாம் வகுப்பு மொழிப்பாடங்களுக்கு இரண்டு தாளை ஒரே தாளாக்கினார்கள். பாரம் குறைந்தது, நல்லது. அந்த நூறு மார்க்கும் எழுதுவதற்குத்தான். வாயைத் திறந்து பேசுவதற்குப் பத்து மார்க் ஒதுக்கினால்கூட, அடுத்த ஜூன் மாதமே தமிழ்நாட்டில் ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகள் பேசுகிற சத்தம் கேட்கும். டியூஷன்காரர்கள் அதற்கும் நாலு வரி எழுதிக் கொடுப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். எழுதிக் கொடுக்கட்டும், பதில் சொல்கிற ஆள் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பிள்ளை யோசித்துத்தானே ஆக வேண்டும்?

நம் மாணவர்களில் ஆசிரியராக இருப்பவர்கள் ஆறேழு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்தக் கல்யாண பஸ் மாதிரி நான் எழுதிவைத்த வேலைத்தாள்கள் நாற்பதுக்கு மேல் பீரோவில் இருக்கின்றன. சத்தி ரோடு, உழவர் சந்தை, ரேஷன் கடை, கோவை எக்ஸ்பிரஸ், எல்லாம் நம் ஊர்ச் சங்கதி. கரையான் தின்பதற்குள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பேத்தி போட்டோ எடுத்து அனுப்புவாள். நேரில் வருகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள், மத்தியானம் தூங்கிவிடுவேன்.